சொந்த சாட் சர்வருக்கு ரிவர்ஸ் ப்ராக்ஸி போடறது எப்படி

சாட் சர்வரை இன்ஸ்டால் பண்றது இப்போ பெரிய வேலையே இல்ல, டாக்கர்ல ஒரு ஃபைல் எழுதி ஓட விட்டா எழுந்து நின்னுடும், ஆனா அதை வெளிய ஒழுங்கா கொண்டுவரதுலதான் முக்கால்வாசி பேர் மாட்டிக்கறாங்க. லாகின் ஆகுது ஆனா மெசேஜ் வரல, மெசேஜ் வருது ஆனா வீடியோ அனுப்ப முடியல, பிரவுசர்ல ஓடுது மொபைல் ஆப்ல ஓடல, நிமிஷத்துக்கு ஒரு தடவை கனெக்‌ஷன் போயிட்டுப் போயிட்டு வருது. இந்த மாதிரி புகார்ல நெறைய சாட் சர்வரோட தப்பே கிடையாது, அதுக்கு முன்னாடி நிக்கற ரிவர்ஸ் ப்ராக்ஸில (வெளிய இருந்து வர ரிக்வெஸ்ட்டை முதல்ல வாங்கி உள்ள இருக்கற சர்வர்கிட்ட குடுக்கற சர்வர்) ஒரு வரி விட்டுப்போயிருக்கும், இல்லைன்னா எங்கிருந்தோ காப்பி பண்ணின ஒரு வரி தேவையில்லாம உக்காந்திருக்கும்.

இதுல நான் முக்கியமா சொல்ல வரது ஒண்ணுதான். ப்ராக்ஸியோட வேலை வந்த ரிக்வெஸ்ட்டை அப்படியே உள்ள கடத்தி விடறது. யார் அனுப்பினாங்க, எந்த டொமைன் பேர்ல வந்தது, எந்த பாத்துக்கு (டொமைன் பேருக்கு அப்புறம் ஸ்லாஷ் போட்டு வரது) வந்தது, இந்த மூணையும் கலைக்காம உள்ள குடுத்துட்டா மிச்சதெல்லாம் தானா ஓடும். கலைச்சா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு விதமா உடையும். கீழ சொல்ற ஒவ்வொரு செட்டிங்கும் இந்த மூணுல ஏதோ ஒண்ணைக் காப்பாத்தறதுக்குத்தான்னு மனசுல வெச்சுக்கிட்டுப் படிங்க, அப்போ எதையும் மனப்பாடம் பண்ண வேண்டியிருக்காது.

உதாரணத்துக்கு மேட்ரிக்ஸ் (தனித்தனி சாட் சர்வர்கள் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கற முறை) சர்வரான சினாப்ஸையும் அதுக்கு முன்னாடி ரிவர்ஸ் ப்ராக்ஸியா என்ஜின்எக்ஸையும் எடுத்துக்கறேன், நெறைய பேர் வெச்சிருக்கறது இந்த ஜோடிதான். மேட்டர்மோஸ்ட், ராக்கெட் சாட் வெச்சிருக்கறவங்களுக்கு வெப்சாக்கெட் பகுதி ரொம்ப முக்கியம், அது நடுவுல வரும். டைரக்டிவ் (என்ஜின்எக்ஸ் கான்ஃபிக்ல வர செட்டிங்) பேரெல்லாம் இங்க தமிழ் எழுத்துல இருக்கு, கான்ஃபிக் ஃபைல்ல அதோட ஒரிஜினல் ஸ்பெல்லிங்ல அண்டர்ஸ்கோர் சேர்த்துப் போட்டுக்கோங்க.

முதல்ல பேரை முடிவு பண்ணுங்க

ப்ராக்ஸியைத் தொடறதுக்கு முன்னாடி ஒரு விஷயம், ஏன்னா இதை அப்புறம் மாத்தவே முடியாது. சினாப்ஸ்ல சர்வர் நேம்னு ஒண்ணு இருக்கு, யூசர் ஐடியோட கடைசில வர டொமைன் அதுதான். அதை ஒரு தடவை வெச்சு ஆளுங்க வந்து சேர்ந்துட்டா அப்புறம் மாத்த வழி கிடையாது, புது சர்வரா ஆரம்பிக்கணும், பழைய அக்கவுன்ட் பழைய ரூம் எல்லாம் போச்சு. அதனால யூசர் ஐடில எக்ஸாம்பிள் டாட் காம்னு மெயின் டொமைன் மட்டும் தெரியற மாதிரி சர்வர் நேமை வெச்சுட்டு, சர்வர் நிஜமா ஓடறது மேட்ரிக்ஸ்னு ஆரம்பிக்கற ஒரு சப்டொமைன்ல வெச்சுக்கறதுதான் நல்லது. மெயின் டொமைன்ல உங்க வெப்சைட் ஏதாவது தனியா ஓடிட்டிருக்கலாம், அதோட மோதாது, நாளைக்கு சாட் சர்வரை வேற மெஷினுக்கு மாத்தினாலும் சப்டொமைனோட டிஎன்எஸ் ரெக்கார்டை மட்டும் மாத்தினாப் போதும்.

எலிமென்ட் வெப் கிளையன்ட்டையும் (பிரவுசர்ல ஓடற மேட்ரிக்ஸ் சாட் ஆப்) நீங்களே ஹோஸ்ட் பண்ணப் போறீங்கன்னா அதுக்கு இன்னொரு சப்டொமைன் குடுங்க. சர்வரோட ஏபிஐ இருக்கற அதே சப்டொமைன்ல கிளையன்ட்டையும் வைக்காதீங்க. யூசர்ஸ் அப்லோடு பண்ணின ஃபைல் அந்த ஏபிஐ வழியாதான் வரும், அதுல யாராவது ஸ்கிரிப்ட் ஒளிச்சு வெச்சு அது பிரவுசர்ல ஓடிடுச்சுன்னா, ஒரே டொமைனா இருக்கறப்போ லாகின் டோக்கன் வரைக்கும் கை வெச்சுடும்.

டிஎன்எஸ்ல சப்டொமைனுக்கு ஏ ரெக்கார்டு போடுங்க. சர்வருக்கு ஐபிவி6 உண்மையிலேயே வேலை செய்யுதுன்னா மட்டும் அதுக்கான ஏஏஏஏ ரெக்கார்டும் போடுங்க. போட்டுட்டு என்ஜின்எக்ஸ்ல ஐபிவி6 லிசன் வரியைச் சேர்க்காம விட்டா, சிலருக்கு மட்டும் கனெக்ட் ஆகாது, சிலருக்கு ஆகும், கண்டுபிடிக்கறதுக்குள்ள உயிர் போயிடும்.

சாட் சர்வரை உள்ளயே பூட்டி வைங்க

சினாப்ஸ் 8008 போர்ட்ல சாதா ஹெச்டிடிபில கேக்கும். இந்த போர்ட் இன்டர்நெட்ல நேரடியா தெரியவே கூடாது. சினாப்ஸோட கான்ஃபிக்ல லிசனர் பகுதில பைண்ட் அட்ரஸ்னு இருக்கும், அதுல 127.0.0.1, அப்புறம் ஐபிவி6 லூப்பேக், இது ரெண்டு மட்டும் இருக்கணும். அதே லிசனர்லயே எக்ஸ் ஃபார்வேர்டட்ங்கற ஆப்ஷனை ட்ரூன்னு வைங்க, இதோட முக்கியத்துவம் கொஞ்சம் கீழ புரியும்.

டாக்கர்ல ஓட்டறவங்க இங்க கொஞ்சம் நின்னு கவனிங்க. கன்டெய்னரோட போர்ட்டை வெறும் 8008:8008னு பப்ளிஷ் பண்ணினா அது எல்லா நெட்வொர்க் இன்டர்ஃபேஸ்லயும் திறந்துக்கும், அதுவும் டாக்கர் தன்னோட ஐபிடேபிள்ஸ் ரூலை தானே எழுதிக்கறதால யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால்ல நீங்க மூடி வெச்சிருந்தாலும் அதைத் தாண்டி வெளிய தெரியும். ஃபயர்வால் ஸ்டேட்டஸ் பாத்தா மூடியிருக்குன்னு சொல்லும், வெளிய இருந்து அடிச்சா திறந்திருக்கும். அதனால முன்னாடி ஐபியையும் சேர்த்து 127.0.0.1:8008:8008னு எழுதுங்க. என்ஜின்எக்ஸும் கன்டெய்னர்லதான் ஓடுதுன்னா கதை வேற, அப்போ போர்ட்டைப் பப்ளிஷே பண்ண வேண்டாம், ரெண்டையும் ஒரே டாக்கர் நெட்வொர்க்ல போட்டு சர்வீஸ் பேரை வெச்சுக் கூப்பிடுங்க, சினாப்ஸ் லிசனரும் கன்டெய்னருக்குள்ள எல்லா அட்ரஸ்லயும் கேக்கணும். ஏன்னா கன்டெய்னருக்குள்ள இருக்கற என்ஜின்எக்ஸுக்கு லோக்கல்ஹோஸ்ட்னா அந்த கன்டெய்னர்தான், உங்க மெஷின் கிடையாது. டாக்கர் செட்டப்ல வர 502 எரர்ல நெறைய இதனாலதான்.

இந்த எடத்துல ஒரு டெஸ்ட் பண்ணிட்டுத்தான் அடுத்ததுக்குப் போகணும். அதே மெஷின்ல இருந்து கர்ல் வெச்சு 127.0.0.1:8008ல /_மேட்ரிக்ஸ்/கிளையன்ட்/வெர்ஷன்ஸ் பாத்தைக் கூப்பிடுங்க. ஜேசன்ல வெர்ஷன் லிஸ்ட் வந்தா சாட் சர்வர் உயிரோட இருக்குன்னு அர்த்தம். இது வராம ப்ராக்ஸி பக்கம் போகாதீங்க, ரெண்டு பிரச்சனையை ஒண்ணா தேடற மாதிரி ஆயிடும்.

சர்டிஃபிகேட்

லெட்ஸ் என்கிரிப்ட் சர்டிஃபிகேட் போதும், செர்ட்பாட் வெச்சு சப்டொமைனுக்கும் மெயின் டொமைனுக்கும் ரெண்டுக்கும் எடுத்துக்கோங்க. மெயின் டொமைன் எதுக்குன்னா கீழ வர வெல்-நோன் ஃபைலுக்கு. சாதாரண ஹெச்டிடிபி முறைல எடுக்கறதா இருந்தா 80 போர்ட் வெளிய திறந்திருக்கணும், சர்டிஃபிகேட் வந்த கையோட 80ஐ மூடிடாதீங்க, ரின்யூவலுக்கும் அதே போர்ட்தான் வேணும்.

என்ஜின்எக்ஸ்ல சர்டிஃபிகேட் பாத் குடுக்கும்போது ஃபுல்செயின்னு பேர் இருக்கற ஃபைலைக் குடுங்க, வெறும் செர்ட்னு இருக்கறதை வேண்டாம். வெறும் செர்ட் ஃபைல்ல உங்க சர்டிஃபிகேட் மட்டும்தான் இருக்கும், நடுவுல இருக்கற இன்டர்மீடியட் சர்டிஃபிகேட் இருக்காது. சில டெஸ்க்டாப் பிரவுசர் விட்டுப்போன இன்டர்மீடியட்டைத் தானே தேடி எடுத்துக்கும், அதனால உங்களுக்கு பச்சையா எல்லாம் சரியாத் தெரியும். ஆண்ட்ராய்டு ஆப்பும் மத்த மேட்ரிக்ஸ் சர்வரும் அப்படித் தேடாது, கதவைச் சாத்திடும். பிரவுசர்ல ஓடுது ஆப்ல ஓடலைன்னு யாராவது சொன்னா நான் முதல்ல கேக்கற கேள்வி ஃபுல்செயினா செர்ட்டாங்கறதுதான்.

சர்வர் பிளாக்

டெபியன், உபுன்டுல சைட்ஸ்-அவெய்லபிள் ஃபோல்டர்ல புது ஃபைல் போட்டு சைட்ஸ்-எனேபிள்டுக்கு லிங்க் குடுப்பீங்க, ஃபெடோரா குடும்பத்துல கான்ஃப்.டி ஃபோல்டர்லயே போட்டா போதும். ரெண்டு சர்வர் பிளாக் எழுதணும். ஒண்ணு 80ல கேட்டு எல்லாத்தையும் 301 போட்டு ஹெச்டிடிபிஎஸ்க்குத் திருப்பி விடும், இன்னொண்ணு 443ல எஸ்எஸ்எல்லோட கேக்கும். ரெண்டுலயும் ஐபிவி4 ஐபிவி6 ரெண்டு லிசன் வரி, என்ஜின்எக்ஸோட சர்வர்_நேம்ல (சினாப்ஸ்ல வெச்ச சர்வர் நேம் வேற) சப்டொமைன்.

443 பிளாக்குக்குள்ள லொக்கேஷன் எழுதும்போது எல்லாத்தையும் உள்ள விட வேண்டாம். /_மேட்ரிக்ஸ்னு ஆரம்பிக்கறதும் /_சினாப்ஸ்/கிளையன்ட்னு ஆரம்பிக்கறதும் போதும், ரெண்டையும் ஒரே ரெஜெக்ஸ் லொக்கேஷன்ல பிடிச்சுக்கலாம். /_சினாப்ஸ்/அட்மின்னு ஒண்ணு இருக்கு, அது யூசரை டீஆக்டிவேட் பண்ற, பாஸ்வேர்டை ரீசெட் பண்ற அட்மின் ஏபிஐ, அதை பொது இன்டர்நெட்ல திறந்து விடாதீங்க. டோக்கன் இல்லாம யாரும் எதுவும் பண்ண முடியாதுதான், இருந்தாலும் வெளிய தெரியணும்னு எந்த அவசியமும் இல்ல. அட்மின் வேலை இருந்தா எஸ்எஸ்ஹெச் டனல் போட்டு லோக்கல்ல பண்ணிக்கோங்க.

இப்போ ப்ராக்ஸி_பாஸ். இந்த ஒரு வரிலதான் பாத் கலையும். ஹெச்டிடிபி://127.0.0.1:8008 அவ்வளவுதான், அதோட செமிகோலன் போட்டு நிறுத்துங்க. 8008க்கு அப்புறம் ஒரு ஸ்லாஷ்கூட வரக்கூடாது. ரெஜெக்ஸ் லொக்கேஷன்ல ஸ்லாஷோ பாத்தோ போட்டா என்ஜின்எக்ஸ் கான்ஃபிக்கையே ஏத்துக்காது, சாதா லொக்கேஷன்ல போட்டா வந்த யூஆர்ஐயைப் பிரிச்சு, டீகோட் பண்ணி, தன் இஷ்டத்துக்குத் திருப்பி எழுதி அனுப்பும். மேட்ரிக்ஸ்ல ஒரு சர்வர் இன்னொரு சர்வருக்கு அனுப்பற ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டும் யூஆர்ஐயையும் சேர்த்து கையெழுத்து போட்டுத்தான் வருது, ரூம் ஐடில யூசர் ஐடில இருக்கற கோலன், ஆச்சரியக்குறி எல்லாம் என்கோட் ஆகி வரும். நடுவுல ஒரு எழுத்து மாறினாலும் கையெழுத்து ஒத்துவராது, சினாப்ஸ் அந்த ரிக்வெஸ்ட்டைத் தூக்கிப் போட்டுடும். சீல் வெச்ச கவரை நடுவுல ஒருத்தர் பிரிச்சு நல்ல கையெழுத்துல திருப்பி எழுதிக் குடுத்தா எப்படியோ அப்படித்தான் இது, உள்ள இருக்கற விஷயம் அதேதான், ஆனா வாங்கறவங்க நம்ப மாட்டாங்க. இதுல கொடுமை என்னன்னா உங்க சர்வர் ஆளுங்க உங்களுக்குள்ள பேசிக்கறது எந்தப் பிரச்சனையும் இல்லாம ஓடும், வெளி சர்வர்ல இருந்து வர சில மெசேஜ், சில இன்வைட் மட்டும் சத்தமில்லாம காணாமப் போகும்.

அப்பாச்சி வெச்சிருக்கறவங்களுக்கும் இதே நோய்தான், மருந்து மட்டும் வேற: ப்ராக்ஸிபாஸ் வரி கடைசில நோகேனான்னு சேர்க்கணும், அலவ் என்கோடட் ஸ்லாஷஸை நோ டீகோட்னு வைக்கணும், ப்ராக்ஸி ப்ரிசர்வ் ஹோஸ்ட்டை ஆன் பண்ணணும்.

ஹெட்டர் மூணும் ஒழுங்கா போகணும்

ப்ராக்ஸி_செட்_ஹெட்டர் மூணு தடவை வரும். ஹோஸ்ட் ஹெட்டர்ல வந்த டொமைன் பேரை அப்படியே குடுக்கறது ஒண்ணு, எக்ஸ்-ஃபார்வேர்டட்-ப்ரோட்டோல ஸ்கீம் வேரியபிளைக் குடுக்கறது ஒண்ணு, எக்ஸ்-ஃபார்வேர்டட்-ஃபார்ல யூசரோட ஐபியைக் குடுக்கறது ஒண்ணு.

ஹோஸ்ட்டைக் குடுக்கலைன்னா என்ஜின்எக்ஸ் 127.0.0.1:8008ங்கறதையே ஹோஸ்ட்டா அனுப்பும், உள்ள இருக்கற சர்வருக்கு தன் பேரே தெரியாது. ப்ரோட்டோவைக் குடுக்கலைன்னா நம்ம மேல ஹெச்டிடிபிஎஸ்ல வரோம்ங்கறது உள்ள தெரியாது, எஸ்எஸ்ஓ லாகின் (வேற எடத்து அக்கவுன்ட் வெச்சு உள்ள வரது) மாதிரி திருப்பி அனுப்பற எடத்துல தப்பான லிங்க் உருவாகும், சில சாட் சர்வர்ல ரீடைரக்ட் லூப்ல மாட்டிக்கும்.

ஐபி விஷயம்தான் கொஞ்சம் விளக்கணும். இந்த ஹெட்டர் போகலைன்னாலோ, போயும் சினாப்ஸ் பக்கம் எக்ஸ் ஃபார்வேர்டட் ஆப்ஷன் ட்ரூன்னு இல்லைன்னாலோ, சினாப்ஸோட பார்வைல உலகத்துல இருக்கற எல்லா யூசரும் 127.0.0.1ல இருந்துதான் வராங்க. சினாப்ஸ்ல லாகினுக்கு ஐபி அட்ரஸ் வாரியா ஒரு ரேட் லிமிட் இருக்கு, டீஃபால்ட்டா தொடர்ந்து அஞ்சு தடவை வரைக்கும் விடும், அப்புறம் ரொம்ப மெதுவாத்தான் அனுமதிக்கும். எல்லாரும் ஒரே ஐபின்னா அந்த அஞ்சும் எல்லாருக்கும் சேர்த்துத்தான். யாரோ ஒருத்தர் பாஸ்வேர்டு மறந்து அஞ்சு தடவை தட்டினா, சம்பந்தமே இல்லாத இன்னொருத்தருக்கு 429 எரர் வரும். புது ஆளுங்களை ஒரே நேரத்துல சேர்க்கும்போது இது பளிச்சுன்னு தெரியும். அப்போ உடனே ரேட் லிமிட்டைத் தளர்த்தினா அது சரியான வைத்தியம் கிடையாது, பாஸ்வேர்டு திருடறவங்களுக்குக் கதவைத் திறந்து விடற மாதிரி, ஹெட்டரைச் சரி பண்ணுங்க.

இந்த ஹெட்டர்ல எந்த வேரியபிளைப் போடணும்ங்கறதுலயும் கவனம் வேணும். நெறைய கான்ஃபிக்ல ப்ராக்ஸி_ஆட்_எக்ஸ்_ஃபார்வேர்டட்_ஃபார்னு ஒரு வேரியபிளைப் போட்டிருப்பாங்க. அது யூசர் அனுப்பின ஹெட்டரை முன்னாடி வெச்சுட்டு நிஜ ஐபியை அதுக்குப் பின்னாடி சேர்க்கும். சினாப்ஸ் எடுக்கறது முதல்ல இருக்கறதை. அப்போ ஒருத்தர் தானா ஒரு பொய் ஐபியை ஹெட்டர்ல வெச்சு அனுப்பினா சினாப்ஸ் அதையே நம்பும், ஒவ்வொரு தடவையும் வேற வேற ஐபி வெச்சா ரேட் லிமிட் அவரைத் தொடவே தொடாது. என்ஜின்எக்ஸ்தான் வெளிய நேரடியா நிக்குதுன்னா ரிமோட் அட்ரஸ் வேரியபிளை மட்டும் போடுங்க, யூசர் என்ன அனுப்பினாலும் அதை அழிச்சுட்டு நிஜத்தை எழுதும். என்ஜின்எக்ஸுக்கும் முன்னாடி ஒரு சிடிஎன் (உங்க டிராஃபிக்கை முதல்ல வாங்கற வெளி நெட்வொர்க் சர்வீஸ்) இருந்தா ரியல் ஐபி மாட்யூல்ல அந்த சிடிஎன்னோட ஐபி ரேஞ்சை மட்டும் நம்பச் சொல்லி செட் பண்ணிட்டு அப்புறம் இதைப் போடுங்க.

ஃபைல் சைஸும் டைம்அவுட்டும்

என்ஜின்எக்ஸ்ல கிளையன்ட்_மேக்ஸ்_பாடி_சைஸ் டீஃபால்ட் 1 எம்பி. இன்னைக்கு போன்ல எடுக்கற ஒரு போட்டோவே அதைத் தாண்டிடும், 413 எரர் வரும். சினாப்ஸ்ல மேக்ஸ் அப்லோடு சைஸ் டீஃபால்ட் 50 எம்பி, அதனால என்ஜின்எக்ஸ்லயும் 50 எம்பி வைங்க. ஒண்ணை ஏத்தினா இன்னொண்ணையும் ஏத்தணும், ரெண்டுல எது கம்மியோ அதுதான் நிஜ அளவு. அளவே வேண்டாம்னு 0 போடறவங்களும் இருக்காங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல, யாரோ அனுப்பற ராட்சச ஃபைலை சாட் சர்வர் வரைக்கும் எதுக்கு விடணும், வாசல்லயே நிறுத்திடலாம்.

டைம்அவுட் பத்தி சொல்லணும்னா சாட் எப்படி வேலை செய்யுதுன்னு பாக்கணும். வெப்சைட்னா கேக்கறோம், பதில் வருது, முடிஞ்சுது. சாட்ல அப்படி இல்ல. மேட்ரிக்ஸ் கிளையன்ட் சிங்க்னு ஒரு ரிக்வெஸ்ட் அனுப்பிட்டு பதிலுக்காகக் காத்துட்டே இருக்கும், புதுசா எதுவும் நடக்கலைன்னா சர்வரும் பதில் சொல்லாம அதைப் பிடிச்சு வெச்சிருக்கும், பொதுவா 30 செகண்டு. என்ஜின்எக்ஸோட ப்ராக்ஸி_ரீட்_டைம்அவுட் டீஃபால்ட் 60 செகண்டு, அதனால சாதாரணமா பிரச்சனை வராது. ஆனா ஒருத்தர் ரொம்ப நாள் கழிச்சு வராரு, இல்ல புது போன்ல லாகின் பண்றாரு, அவருக்கு நூத்துக்கணக்குல ரூம் இருக்குன்னா முதல் சிங்க் நிமிஷக்கணக்குல இழுக்கும், பெரிய வெளி ரூம்ல சேரும்போதும் அப்படித்தான். 60 செகண்டுல என்ஜின்எக்ஸ் 504 குடுத்து வெட்டி விட்டுடும், கிளையன்ட் திருப்பி முதல்ல இருந்து கேக்கும், திருப்பி வெட்டும். 600 செகண்டு வெச்சுடுங்க, இதனால எந்த நஷ்டமும் இல்ல.

மேட்டர்மோஸ்ட், ராக்கெட் சாட் வெச்சிருக்கறவங்களுக்கு

உங்க சர்வர் வெப்சாக்கெட்ல ஓடுது, அதுக்கு கூடுதலா வேலை இருக்கு. வெப்சாக்கெட் கனெக்‌ஷன் முதல்ல சாதா ஹெச்டிடிபி ரிக்வெஸ்ட்டாத்தான் ஆரம்பிக்கும், அதுல அப்கிரேட்னு ஒரு ஹெட்டரும் கனெக்‌ஷன்னு ஒரு ஹெட்டரும் வெச்சு, இதை வெப்சாக்கெட்டா மாத்திக்கலாமான்னு கேக்கும். இந்த ரெண்டு ஹெட்டரும் ஹாப்-பை-ஹாப் வகை, அதாவது ஒரு கனெக்‌ஷனோட முடிஞ்சு போறது, ப்ராக்ஸி தானா அதை உள்ள கடத்தாது. நீங்களா எழுதிக் குடுக்கணும். ப்ராக்ஸி_ஹெச்டிடிபி_வெர்ஷனை 1.1னு வைங்க, ஏன்னா ரொம்ப காலமா என்ஜின்எக்ஸ் உள்பக்கம் பேசறது 1.0ல, அதுல அப்கிரேட்ங்கறதே கிடையாது. அப்புறம் அப்கிரேட் ஹெட்டர்ல ஹெச்டிடிபி அப்கிரேட் வேரியபிளையும், கனெக்‌ஷன் ஹெட்டர்ல அப்கிரேட்ங்கற வார்த்தையையும் போடுங்க. ஒரே லொக்கேஷன்ல சாதா ரிக்வெஸ்ட்டும் வருதுன்னா, மேப் பிளாக் ஒண்ணு எழுதி, அப்கிரேட் காலியா இருந்தா க்ளோஸ், இல்லைன்னா அப்கிரேட்னு மாறற மாதிரி பண்ணிக்கோங்க, அது சுத்தமா இருக்கும். மேப் பிளாக் சர்வர் பிளாக்குக்கு வெளிய, ஹெச்டிடிபி லெவல்ல வரணும்.

மேட்டர்மோஸ்ட் கேக்கறது 8065 போர்ட்ல, அதோட வெப்சாக்கெட் வரது /ஏபிஐ/வி4/வெப்சாக்கெட்ங்கற பாத்துல. ராக்கெட் சாட் 3000ல. ரெண்டுலயுமே சைட் யூஆர்எல், ரூட் யூஆர்எல்னு ஒரு செட்டிங் இருக்கும், அதுல யூசர் பிரவுசர்ல அடிக்கற அதே ஹெச்டிடிபிஎஸ் முகவரியை எழுத்து பிசகாம போடணும். இது ஒத்துவரலைன்னா பக்கம் திறக்கும், லாகின் ஆகும், ஆனா மேல கனெக்‌ஷன் போச்சுன்னு ஒரு பட்டை நின்னுட்டே இருக்கும், பக்கத்தை ரீஃப்ரெஷ் பண்ணினாத்தான் புது மெசேஜ் தெரியும்.

வெப்சாக்கெட்லயும் ரீட் டைம்அவுட் உண்டு. ரெண்டு பக்கமும் 60 செகண்டு எதுவும் பேசலைன்னா என்ஜின்எக்ஸ் வெட்டிடும். ஆளில்லாத ராத்திரில சரியா நிமிஷத்துக்கு ஒரு தடவை ரீகனெக்ட் ஆகுதுன்னு லாக்ல பாத்தா வேற எங்கயும் தேடாதீங்க, இதுதான்.

வெளி சர்வர் உங்களைக் கண்டுபிடிக்கணும்

மேட்ரிக்ஸ்காரங்களுக்குத் திரும்ப வரேன். யூசர் ஐடில இருக்கறது மெயின் டொமைன், சர்வர் ஓடறது சப்டொமைன்ல. வெளி சர்வருக்கு இது எப்படித் தெரியும்? எதுவுமே சொல்லலைன்னா அது மெயின் டொமைன்ல 8448 போர்ட்டைப் போய்த் தட்டும், அங்க யாரும் இருக்க மாட்டாங்க. அதனால மெயின் டொமைன்ல /.வெல்-நோன்/மேட்ரிக்ஸ்/சர்வர்ங்கற பாத்துல ஒரு சின்ன ஜேசன் வைக்கணும், எம்.சர்வர்ங்கற கீக்கு நேரா சப்டொமைன் பேரும் கோலன் போட்டு 443ம். போர்ட்டை எழுத மறந்தா திருப்பியும் 8448க்குத்தான் போகும். இப்படி 443க்குத் திருப்பிட்டா 8448ஐத் திறக்கவே வேண்டாம், சர்டிஃபிகேட்டும் ப்ராக்ஸியும் ஒரே எடத்துல இருக்கும், எனக்கு இந்த முறைதான் பிடிக்கும்.

அதே ஃபோல்டர்ல கிளையன்ட்னு இன்னொரு ஜேசன், அதுல எம்.ஹோம்சர்வர்குள்ள பேஸ் யூஆர்எல்னு சப்டொமைனோட முழு ஹெச்டிடிபிஎஸ் முகவரி. யூசர் ஆப்ல மெயின் டொமைனை மட்டும் அடிச்சா ஆப் இதைப் படிச்சு சரியான எடத்துக்குப் போகும். இந்த கிளையன்ட் ஃபைலுக்கு மட்டும் ஆக்சஸ்-கன்ட்ரோல்-அலவ்-ஆரிஜின் ஹெட்டர்ல நட்சத்திரக்குறி போட்டு அனுப்பணும், இல்லைன்னா வெப் கிளையன்ட்டை பிரவுசர் படிக்க விடாது. ரெண்டையும் என்ஜின்எக்ஸ்லயே லொக்கேஷன் ஈக்வல் போட்டு ரிட்டர்ன் 200ன்னு ஜேசனை நேரா எழுதிடலாம், டீஃபால்ட் டைப்பை அப்ளிகேஷன்/ஜேசன்னு வைக்க மறக்காதீங்க.

ஹெட்டர் போடச் சொன்னேன்ல, அதுக்காக சப்டொமைன் பக்கமும் அதே சிஓஆர்எஸ் ஹெட்டரைச் சேர்த்துடாதீங்க. சினாப்ஸ் தானே அதை அனுப்புது. நீங்களும் சேர்த்தா ரெண்டு தடவை போகும், ரெண்டு நட்சத்திரக்குறி வந்தா பிரவுசர் அதை ஏத்துக்காது, வெப் கிளையன்ட் மட்டும் உடைஞ்சு மொபைல் ஆப் நல்லா ஓடும்.

வெல்-நோன்ல தப்பு பண்ணிட்டுத் திருத்தினா உடனே சரியாகலையேன்னு பதறாதீங்க. வெளி சர்வர்கள் அதைக் கேஷ் பண்ணி வெச்சுக்கும், நீங்க கேஷ் ஹெட்டர் எதுவும் குடுக்கலைன்னா 24 மணி நேரம் வரைக்கும். அதனால ஆரம்பத்துல கேஷ்-கன்ட்ரோல்ல கம்மியா ஒரு நேரம் வெச்சுட்டு எல்லாம் நிலையா ஆனதும் ஏத்திக்கிறது புத்திசாலித்தனம்.

ஓட விட்டுப் பாருங்க

என்ஜின்எக்ஸ் மைனஸ் டி போட்டு சின்டாக்ஸ் சரியான்னு பாத்துட்டு ரீலோடு பண்ணுங்க, ரீஸ்டார்ட் வேண்டாம், ரீலோடுன்னா கான்ஃபிக்ல தப்பு இருந்தாலும் பழையது ஓடிட்டே இருக்கும். அப்புறம் முன்னாடி பண்ணின அதே வெர்ஷன்ஸ் டெஸ்ட்டை இப்போ ஹெச்டிடிபிஎஸ் சப்டொமைன் வழியா பண்ணுங்க, முக்கியமா வீட்டு வைஃபைல இருந்து இல்லாம மொபைல் டேட்டால இருந்து பண்ணுங்க, உள்ள இருந்து பாத்தா ரவுட்டர் வேற வழில காட்டலாம். ஃபெடரேஷனுக்கு, அதாவது வெளி சர்வரோட பேசறது சரியான்னு பாக்க, மேட்ரிக்ஸ் டாட் ஆர்க்லயே ஃபெடரேஷன் டெஸ்டர்னு ஒண்ணு இருக்கு, மெயின் டொமைன் பேரைக் குடுத்தா வெல்-நோன், சர்டிஃபிகேட், கீ எல்லாத்தையும் வெளிய இருந்து பாத்துச் சொல்லும்.

502 வந்தா என்ஜின்எக்ஸ் உள்ள இருக்கற சர்வரைத் தொட முடியலைன்னு அர்த்தம். சாட் சர்வர் ஓடுதா பாருங்க, போர்ட் சரியா பாருங்க. லோக்கல்ஹோஸ்ட்னு பேர் போட்டிருந்தா 127.0.0.1னு மாத்திப் பாருங்க, சில மெஷின்ல லோக்கல்ஹோஸ்ட் முதல்ல ஐபிவி6க்குப் போகும், சர்வர் ஐபிவி4ல மட்டும் கேட்டுட்டிருக்கும். எல்லாம் சரியா இருந்தும் ஃபெடோரா, ராக்கி லினக்ஸ் மாதிரி மெஷின்ல 502 நிக்குதுன்னா பெரும்பாலும் எஸ்இலினக்ஸ்தான் (லினக்ஸ்ல எந்த ப்ரோக்ராம் என்ன பண்ணலாம்னு கட்டுப்படுத்தற பாதுகாப்பு அமைப்பு) தடுக்குது, ஹெச்டிடிபிடி கேன் நெட்வொர்க் கனெக்ட்ங்கற பூலியனை செட்எஸ்இபூல்ல மைனஸ் பெரிய பி போட்டு 1 ஆக்குங்க. எஸ்இலினக்ஸை மொத்தமா அணைக்கச் சொல்லி யாராவது சொன்னா கேக்காதீங்க, ஒரு பூலியனுக்காக வீட்டுக் கூரையைப் பிரிக்க வேண்டாம்.

வாய்ஸ் கால், வீடியோ கால் மட்டும் கனெக்ட் ஆகலைன்னா இந்த ஃபைல்ல தேடாதீங்க. அதுக்கு டர்ன் சர்வர் (நேரா கனெக்ட் ஆக முடியாத ரெண்டு பேருக்கு நடுவுல காலைக் கடத்தி விடறது) வேணும், கோடர்ன் மாதிரி ஒண்ணு, அது யூடிபில 3478ல ஓடற வேற சமாச்சாரம், ஹெச்டிடிபி ப்ராக்ஸி வழியா போகாது, ஃபயர்வால்ல நேரடியா திறக்கணும்.

இதெல்லாம் படிச்சு மலைப்பா இருந்தா கேடி (Caddy)ங்கற இன்னொரு வெப் சர்வர் பக்கம் போங்க, மனசார சொல்றேன். டொமைன் பேரு, ரிவர்ஸ் ப்ராக்ஸி வரி ரெண்டு, அவ்வளவுதான் ஃபைல். சர்டிஃபிகேட்டைத் தானே எடுத்துத் தானே ரின்யூ பண்ணிக்கும், வெப்சாக்கெட்டைத் தானே கடத்தும், ஹோஸ்ட் ஹெட்டரை மாத்தாது, ஃபார்வேர்டட் ஹெட்டரைத் தானே வெக்கும், வெளில இருந்து வர பொய் ஃபார்வேர்டட் ஹெட்டரை டீஃபால்ட்டா நம்பாது. ஏற்கனவே என்ஜின்எக்ஸ்ல நாலு சைட் ஓடுது, பழக்கம் இருக்குன்னா அதுலயே இருங்க. புதுசா ஒரு மெஷின், சாட் மட்டும்தான்னா கேடியே போதும். வெல்-நோன், அட்மின் பாத் விஷயம் மட்டும் அங்கயும் நீங்கதான் பாத்துக்கணும்.

என்ஜின்எக்ஸ்லயே இருக்கறவங்களுக்கு ஒரு வேலை பாக்கி. லெட்ஸ் என்கிரிப்ட் சர்டிஃபிகேட் வழக்கமா 90 நாள்தான், செர்ட்பாட் முன்கூட்டியே புதுசு எடுத்து டிஸ்க்ல வெச்சுடும், ஆனா ஓடிட்டிருக்கற என்ஜின்எக்ஸ் மெமரில பழசைத்தான் வெச்சிருக்கும், ரீலோடு பண்ணினாத்தான் புதுசை எடுக்கும். செர்ட்பாட்டோட என்ஜின்எக்ஸ் ப்ளகின்ல எடுத்திருந்தா அதுவே பாத்துக்கும், வெப்ரூட் முறைல எடுத்திருந்தா செர்ட்பாட்டோட டிப்ளாய் ஹுக் ஃபோல்டர்ல என்ஜின்எக்ஸ் ரீலோடு பண்ற ரெண்டு வரி ஸ்கிரிப்ட்டைப் போட்டு, அதுக்கு எக்சிக்யூட் பர்மிஷனும் குடுத்துட்டு, செர்ட்பாட் ரின்யூவை ட்ரை-ரன்ல ஒரு தடவை ஓட்டுங்க. ட்ரை-ரன்ல வழக்கமா டிப்ளாய் ஹுக் ஓடாது, அதனால அந்த ஸ்கிரிப்ட்டைக் கையால தனியா ஒரு தடவை ஓட்டி என்ஜின்எக்ஸ் ரீலோடு ஆகுதான்னு பாத்துக்கோங்க.